விமான உதிரிபாகங்களின் ஆண்டுச் செலவு எப்படி மதிப்பிடப்படுகிறது? – ஒரு விளக்கம்

புதுதில்லி: கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி தானாகவே முன்வந்து தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கை கோரி மனு தாக்கல் செய்தது. பயணிகள் இல்லாததால் அந்த நிறுவனம் முடங்கவில்லை. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் என்ஜின்கள் பழுதடைந்தபோது மாற்று என்ஜின்களும் உதிரிபாகங்களும் உரிய காலத்தில் கிடைக்காததால், தனது 25 விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டதாக அது தெரிவித்தது. என்ஜின் கோளாறால் நிறுத்தப்பட்ட விமானங்களின் பங்கு 2019 டிசம்பரில் 7 சதவீதமாக இருந்தது என்றும், 2022 டிசம்பரில் 50 சதவீதமாக உயர்ந்தது என்றும் அந்நிறுவனம் கூறியது. இந்தக் குற்றச்சாட்டை என்ஜின் நிறுவனம் மறுத்தது. 2025 ஜனவரியில் கோ ஃபர்ஸ்ட் நிறுவனத்தைக் கலைத்து அதன் சொத்துகளை விற்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

ஒரு விமான நிறுவனத்தின் வரவு-செலவுத் திட்டத்தில் எரிபொருளும் குத்தகைத் தொகையும் பெரிதாகத் தெரியும். உதிரிபாகச் செலவு அந்த அளவுக்குக் கண்ணில் படாது. உலக அளவில் விமான நிறுவனங்களின் இயக்கச் செலவில் பராமரிப்பின் பங்கு சுமார் 10 சதவீதம். உதிரிபாகங்கள் அதற்குள் அடங்குகின்றன. எனினும், அந்த மதிப்பீட்டில் பிழை நேர்ந்தால் விமானங்கள் தரையில் நின்றுவிடும். தரையில் நிற்கும் விமானத்துக்கும் குத்தகைத் தொகை செலுத்தியாக வேண்டும். இந்த மதிப்பீடு எவ்வாறு செய்யப்படுகிறது, அதில் எவை கணக்கில் கொள்ளப்படுகின்றன என்பதைக் காண்போம்.

நான்கு வகைப் பாகங்கள்

விமானத்தின் பாகங்கள் அனைத்தும் ஒரே கணக்கில் அடங்குவதில்லை. செலவு மதிப்பீட்டுக்காக அவை பொதுவாக நான்கு வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

முதல் வகை, ஒருமுறை பயன்படுத்தியதும் கழிக்கப்படுபவை. ஆணிகள், வளையங்கள், வடிகட்டிகள், விளக்குகள், எண்ணெய், பசை போன்றவை இதில் அடங்கும். இவற்றின் விலை குறைவு. எண்ணிக்கை மிக அதிகம். முந்தைய ஆண்டுகளின் நுகர்வைக் கொண்டே இவற்றின் தேவையை ஏறத்தாழச் சரியாகக் கணிக்கலாம்.

இரண்டாவது வகை, சில முறை மட்டும் பழுதுபார்க்கக்கூடியவை. குறிப்பிட்ட அளவு தேய்ந்த பிறகு இவற்றைப் பழுதுபார்ப்பது இலாபகரமாக இராது.

மூன்றாவது வகை, கழற்றிப் பழுதுபார்த்து மீண்டும் மீண்டும் பொருத்தப்படும் சுழற்சிப் பாகங்கள். எரிபொருள் பம்பு, மின்னாக்கி, விமானக் கணினி, சக்கரம், பிரேக் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். இவை நிறுவனத்தின் சொத்தாகக் கருதப்படும். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை எண்ணும் வரலாற்றுப் பதிவும் உண்டு.

நான்காவது வகை, ஆயுள் வரையறுக்கப்பட்ட பாகங்கள். என்ஜினுக்குள் சுழலும் தட்டுகளும் தண்டுகளும் இதில் முக்கியமானவை. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் பறப்புகளை முடித்ததும் இவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

தேவையைக் கணிக்கும் முறை

சுழற்சிப் பாகங்களுக்கான அடிப்படைக் கணக்கு எளிமையானது. ஒரு விமானத்தில் அந்தப் பாகம் எத்தனை உள்ளது, எத்தனை விமானங்கள் உள்ளன, ஒவ்வொரு விமானமும் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறக்கிறது என்ற மூன்றையும் பெருக்க வேண்டும். கிடைக்கும் எண்ணை, அந்தப் பாகம் திட்டமிடாமல் கழற்றப்படுவதற்கு முன் சராசரியாக எத்தனை மணி நேரம் உழைக்கிறது என்ற எண்ணால் வகுத்தால், ஓர் ஆண்டில் எதிர்பார்க்கக்கூடிய கழற்றல்களின் எண்ணிக்கை கிடைக்கும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்திடம் 20 விமானங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 4,000 மணி நேரம் பறக்கிறது. ஒரு விமானத்துக்கு ஒரு குறிப்பிட்ட பம்பு இரண்டு வீதம் உள்ளது. அப்படியெனில் அந்தப் பம்புகளின் மொத்த உழைப்பு ஆண்டுக்கு 1,60,000 மணி நேரம். சராசரியாக 8,000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பம்பு கழற்றப்படுகிறது என்றால், ஆண்டுக்கு 20 கழற்றல்கள் நிகழும்.

கழற்றப்படும் எல்லாப் பம்புகளும் பழுதானவை அல்ல. பணிமனையில் சோதிக்கும்போது சிலவற்றில் எந்தக் கோளாறும் தென்படாது. ஆயினும் சோதனைக் கட்டணம் உண்டு. 20-இல் 4 பம்புகள் இவ்வாறு திரும்புவதாகவும், சோதனைக் கட்டணம் தலா ரூ.50 ஆயிரம் என்றும் கொண்டால் ரூ.2 லட்சம் ஆகும். 15 பம்புகளைப் பழுதுபார்க்கத் தலா ரூ.6 லட்சம் வீதம் ரூ.90 லட்சம் தேவை. பழுதுபார்க்க இயலாத ஒன்றுக்குப் பதிலாகப் புதியது வாங்க ரூ.40 லட்சம் தேவை. ஆக, அந்த ஒரு பாகத்துக்கான ஆண்டுச் செலவு ரூ.1.32 கோடி. ஒரு பறப்பு மணி நேரத்துக்கு இது ரூ.165 ஆகிறது.

ஆயிரக்கணக்கான பாக எண்களுக்கு இதே கணக்கைத் தனித்தனியே செய்து கூட்டுவதே ஆண்டு மதிப்பீட்டின் முதல் படி. உற்பத்தியாளர்கள் தரும் சராசரி உழைப்பு நேரம் உலகளாவிய அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டது. கோடை வெப்பமும் புழுதியும் மிகுந்த வட இந்திய விமான நிலையங்களிலும், உப்புக் காற்று வீசும் கடலோர நகரங்களிலும் இயங்கும் விமானங்களுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆகவே, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கான சொந்தப் பதிவுகள் கைக்கு வந்ததும் நிறுவனங்கள் அவற்றையே முதன்மையாகக் கொள்கின்றன.

இருப்பில் எத்தனை வைப்பது?

பழுதுபார்ப்புக் கட்டணம் செலவின் ஒரு பகுதி மட்டுமே. பழுதான பம்பு பணிமனைக்குச் சென்று திரும்பும் வரை, அதன் இடத்தில் பொருத்த மாற்றுப் பம்புகள் கையிருப்பில் இருக்க வேண்டும். எத்தனை தேவை என்பதைப் பழுதுபார்த்துத் திரும்பும் காலம் தீர்மானிக்கிறது.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் அந்தக் காலம் 73 நாள்கள் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 20 கழற்றல்கள் என்பதால், எந்த நேரத்திலும் சராசரியாக 4 பம்புகள் பணிமனையிலோ பயண வழியிலோ இருக்கும். அப்படியானால் 4 மாற்றுப் பம்புகள் போதும் என்று தோன்றலாம். ஆனால் பழுதுகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. சில மாதங்களில் அடுத்தடுத்து வரும். இத்தகைய தற்செயல் நிகழ்வுகளுக்குப் பயன்படுத்தப்படும் பாய்சான் பரவல் என்ற புள்ளியியல் முறைப்படி, 4 மாற்றுப் பம்புகள் மட்டும் இருந்தால் தட்டுப்பாடு நேராதிருக்கும் வாய்ப்பு சுமார் 63 சதவீதமே. அதைச் சுமார் 95 சதவீதமாக உயர்த்த 7 பம்புகள் வேண்டும். அவற்றின் மதிப்பு ரூ.2.8 கோடி.

இந்தத் தொகை முழுவதும் ஓர் ஆண்டுச் செலவாகக் கொள்ளப்படுவதில்லை. முதலீட்டுக்கான வட்டி, கிடங்கு, காப்பீடு, தேய்மானம், காலாவதி ஆகியவை மட்டுமே ஆண்டுதோறும் கணக்கில் சேரும். இவை மதிப்பில் 15 சதவீதம் என வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ரூ.42 லட்சம். பழுதுபார்ப்புச் செலவுடன் சேர்த்து மொத்தம் ரூ.1.74 கோடி.

பழுதுபார்த்துத் திரும்பும் காலம் இரு மடங்காகி 146 நாள்கள் ஆகிவிட்டால் நிலைமை மாறும். பழுதுகளின் எண்ணிக்கையும் பழுதுபார்ப்புக் கட்டணமும் கூடவில்லை. ஆனாலும் அதே அளவு பாதுகாப்புக்கு 13 பம்புகள் தேவைப்படும். இருப்பின் மதிப்பு ரூ.5.2 கோடியாகவும், அதைப் பராமரிக்கும் செலவு ரூ.78 லட்சமாகவும் உயரும். மொத்த ஆண்டுச் செலவு ரூ.2.10 கோடியாகிவிடும். அதாவது தாமதம் ஒன்றினால் மட்டுமே செலவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகரிக்கிறது. விநியோகச் சங்கிலி நெருக்கடியால் விமான நிறுவனங்கள் சந்திக்கும் இழப்பின் ஒரு பெரும் காரணம் இதுவே.

சிறிய நிறுவனங்களுக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல். அதே பம்பை 5 விமானங்கள் மட்டுமே கொண்ட நிறுவனம் பயன்படுத்தினால், 73 நாள் கணக்கில் அதற்கு 3 மாற்றுப் பம்புகள் வேண்டும். 2 மட்டும் வைத்திருந்தால் பாதுகாப்பு 92 சதவீதமாகக் குறையும். 20 விமானங்களுக்கு 7 என்பது விமானம் ஒன்றுக்கு 0.35. 5 விமானங்களுக்கு 3 என்பது விமானம் ஒன்றுக்கு 0.6. வட்டார விமான நிறுவனங்கள் சொந்தமாகப் பாகங்களை வாங்குவதைவிட, பல நிறுவனங்கள் இணைந்து பயன்படுத்தும் பொதுத் தொகுப்பில் சேர விரும்புவதற்கு இதுவே காரணம்.

என்ஜினுக்குள் இருக்கும் செலவு

விமானப் பராமரிப்பில் மிகப் பெரிய பங்கு என்ஜினுக்கே செல்கிறது. ஆயுள் வரையறுக்கப்பட்ட பாகங்களின் செலவைப் பறப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கணக்கிடுகின்றனர். ரூ.1.2 கோடி விலையுள்ள ஒரு தட்டின் ஆயுள் 20,000 பறப்புகள் என்றால், ஒவ்வொரு முறை விமானம் புறப்பட்டு இறங்கும்போதும் ரூ.600 செலவாகிறது. ஆண்டுக்கு 2,100 பறப்புகள் எனில் அந்த ஒரு தட்டுக்கு மட்டும் ரூ.12.6 லட்சம். அந்த ஆண்டில் தட்டு எதுவும் வாங்கப்படாவிட்டாலும் இந்தத் தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். குத்தகை விமானங்களுக்கு உரிமையாளர்கள் பராமரிப்பு இருப்புத் தொகை வசூலிப்பதும் இந்த அடிப்படையில்தான்.

ஒதுக்காமல் விட்டால் சில ஆண்டுகள் கணக்கில் இலாபம் தெரியும். பிறகு பல என்ஜின்கள் ஒரே காலத்தில் பணிமனைக்குச் செல்லும்போது பெருந்தொகை திடீரெனத் தேவைப்படும். குறுகிய காலத்தில் வேகமாக விமானங்களைச் சேர்த்த நிறுவனங்களுக்கு இந்த அபாயம் அதிகம்.

எல்லாக் கணிப்பையும் மீறும் நிகழ்வுகளும் உண்டு. பிராட் அண்ட் விட்னியின் கியர்டு டர்போஃபேன் என்ஜின்களில் பயன்படுத்திய உலோகத் தூளில் கலப்படம் இருந்ததாக, அதன் தாய் நிறுவனமான ஆர்டிஎக்ஸ் 2023 ஜூலையில் அறிவித்தது. 2023 முதல் 2026 வரை கூடுதலாக 600 முதல் 700 என்ஜின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டியிருக்கும் என அதே ஆண்டு செப்டம்பரில் கூறியது. இந்தியாவில் இண்டிகோ நிறுவனமும் பல விமானங்களைத் தரையில் நிறுத்தி, குத்தகைக்கு வேறு விமானங்களை எடுக்க நேர்ந்தது.

தரையில் நிற்கும் விமானத்தின் விலை

ஒரு பாகம் பழுதானால் விமானம் உடனே பறக்கத் தடை உண்டா என்பதும் மதிப்பீட்டில் முக்கியம். இதற்கெனக் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் ஒன்று உள்ளது. சில பாகங்கள் பழுதானால் விமானம் புறப்படவே கூடாது. சிலவற்றுக்கு நிபந்தனையுடன் அவகாசம் உண்டு. பிரிவைப் பொறுத்து அது 3 நாள்கள், 10 நாள்கள் அல்லது 120 நாள்கள் என மாறும். முதல் வகைப் பாகங்களை முக்கிய விமான நிலையங்களிலேயே இருப்பு வைக்க வேண்டும். 120 நாள் அவகாசம் உள்ளவற்றைத் தேவைப்படும்போது வாங்கினால் போதும்.

அவசரத் தேவைக்கு வாங்கும் பாகத்துக்குக் கூடுதல் விலை, தனி விமானச் சரக்குக் கட்டணம், சுங்க அனுமதிக்கான செலவு ஆகியவை சேரும். விமானம் ரத்தாகி, அதை உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறினால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி பயணிகளுக்கு இழப்பீடும் தர வேண்டும். பயண நேரத்தைப் பொறுத்து ரூ.5,000 முதல் ரூ.10,000 வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது இழப்பீடாகும்.

அவசரம் மிகும்போது, தரையில் நிற்கும் ஒரு விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி மற்றொன்றில் பொருத்தும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. உரிய பதிவுகளுடன் செய்தால் இது விதிமீறல் ஆகாது. ஆனால் ஒரே பாகத்துக்கு இருமுறை கழற்றல், இருமுறை பொருத்தல், இருமுறை சோதனை என உழைப்பு பெருகுகிறது. பாகங்களை இழந்த விமானத்தை மீண்டும் பறக்கத் தகுதியாக்குவதும் பெருஞ்செலவாகிவிடுகிறது.

டாலரும் வரியும்

விமான உதிரிபாகங்களின் விலை பெரும்பாலும் அமெரிக்க டாலரிலேயே நிர்ணயிக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் மதிப்புக்குப் பாகங்கள் வாங்கும் இந்திய நிறுவனத்துக்கு, டாலர் ரூ.83 ஆக இருக்கும்போது ரூ.83 கோடி செலவாகும். டாலர் ரூ.90 ஆனால், அதே பாகங்களுக்கு ரூ.90 கோடி தேவை. ரூபாய் மதிப்பு 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டிச் சரிந்தது. இதனுடன், உற்பத்தியாளர்கள் தங்கள் விலைப்பட்டியலை ஆண்டுதோறும் உயர்த்துவதையும் சேர்த்தே மதிப்பீடு செய்ய வேண்டும்.

வரி விதிப்பில் சில ஆண்டுகளாகத் தெளிவு ஏற்பட்டுள்ளது. பராமரிப்பு, பழுதுபார்ப்பு, முழுச் சீரமைப்புப் பணிகளுக்கான ஜிஎஸ்டி 2020 ஏப்ரல் முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் இறக்குமதியாகும் பாகங்களுக்கு 5, 12, 18, 28 சதவீதம் என வெவ்வேறு விகிதங்கள் நீடித்தன. 2024 ஜூன் 22-ஆம் தேதி நடைபெற்ற ஜிஎஸ்டி மன்றத்தின் 53-ஆவது கூட்டம், விமானப் பாகங்கள், சோதனைக் கருவிகள், கருவித் தொகுப்புகள் ஆகியவற்றுக்கு ஒரே சீராக 5 சதவீத ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி விதிக்கப் பரிந்துரைத்தது. அது 2024 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பழுதுபார்ப்பதற்காக இறக்குமதி செய்யப்படும் விமானப் பொருள்களைத் திருப்பி ஏற்றுமதி செய்வதற்கான அவகாசம், 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் 6 மாதங்களிலிருந்து ஓராண்டாக நீட்டிக்கப்பட்டது.

மணி நேரத்துக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம்

கணிப்பின் அபாயத்தைத் தவிர்க்க விரும்பும் நிறுவனங்கள், பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறிப்பிட்ட தொகையைச் செலுத்தி, பாகங்களின் பொறுப்பை உற்பத்தியாளரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் 1962-ஆம் ஆண்டு வைப்பர் என்ஜினுக்காக இந்த முறையை அறிமுகப்படுத்தியது. இன்று என்ஜின்களுக்கும் பிற பாகங்களுக்கும் இது பரவலாக வழக்கத்தில் உள்ளது.

இதன் நன்மை, செலவு முன்கூட்டியே தெரிந்துவிடுவது. குறை, உற்பத்தியாளரிடமே பாகங்கள் இல்லாதபோது ஒப்பந்தத்தால் விமானத்தைப் பறக்கவைக்க முடியாது என்பது. பறவை, கல் போன்ற வெளிப்பொருள் உட்புகுந்ததால் ஏற்பட்ட சேதம், தவறான பயன்பாடு போன்றவை பெரும்பாலும் ஒப்பந்தத்தில் அடங்குவதில்லை. அவற்றுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும்.

ராணுவ விமானங்களிலும் இதே அணுகுமுறை உள்ளது. 36 ரஃபேல் விமானங்களுக்காக 2016 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், குறைந்தபட்சம் 75 சதவீத விமானங்கள் எப்போதும் பறக்கத் தயார் நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. சுகோய்-30 விமானங்களின் தயார்நிலை எதிர்பார்த்த அளவைவிடக் குறைந்திருந்ததற்கு உதிரிபாகப் பற்றாக்குறையே முக்கியக் காரணம் என அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் 2015-இல் தெரிவித்திருந்தார்.

சான்றிதழ் இல்லாத பாகம் பாகமே அல்ல

விலை குறைவு என்பதற்காக எங்கிருந்தும் பாகம் வாங்கிவிட முடியாது. ஒவ்வொரு பாகத்துடனும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் வெளியீட்டுச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஆயுள் வரையறுக்கப்பட்ட பாகமென்றால், அது தயாரிக்கப்பட்ட நாள் முதல் எந்தெந்த விமானத்தில் எத்தனை பறப்புகள் முடித்தது என்ற முழு வரலாறும் தேவை. அந்த ஆவணம் தொலைந்தால், நல்ல நிலையில் உள்ள பாகமும் பயனற்றதாகிவிடும்.

2023-ஆம் ஆண்டு, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஏஓஜி டெக்னிக்ஸ் நிறுவனம் போலிச் சான்றிதழ்களுடன் என்ஜின் பாகங்களை விற்றது தெரியவந்தது. ஐரோப்பிய, பிரிட்டன் விமானப் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரிக்கை விடுத்தன. பல நாடுகளின் நிறுவனங்கள் என்ஜின்களைத் திறந்து பாகங்களை மாற்ற நேர்ந்தது. தட்டுப்பாடு நிலவும் காலத்தில் இத்தகைய மோசடிக்கான வாய்ப்பு பெருகுகிறது. வாங்கும்போது செய்யும் சரிபார்ப்புக்கான செலவையும் ஆண்டு மதிப்பீட்டில் சேர்ப்பதன் அவசியத்தை இந்நிகழ்வு உணர்த்தியது.

விமானத்தின் வயது

புதிய விமானத்துக்கு முதல் சில ஆண்டுகள் உத்தரவாதம் இருப்பதால் பாகச் செலவு குறைவாகத் தெரியும். ஏ320 வகை விமானங்களுக்கு 6 ஆண்டு, 12 ஆண்டு எனப் பெரும் கட்டமைப்புச் சோதனைகள் வரும்போது செலவு ஏறும். ஆகவே, கடந்த ஆண்டுச் செலவுடன் குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி அடுத்த ஆண்டுக்கு மதிப்பிடும் எளிய வழி ஏமாற்றக்கூடியது. எந்த விமானம் எந்த ஆண்டில் எந்தச் சோதனைக்குச் செல்கிறது என்ற அட்டவணையே நம்பகமான அடிப்படை.

பயணிகளுக்கு என்ன தொடர்பு?

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமும் ஆலிவர் வைமன் நிறுவனமும் 2025 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வின்படி, விநியோகச் சங்கிலிச் சிக்கல்களால் விமான நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு 1,100 கோடி டாலருக்கும் மேல் கூடுதல் செலவாகும் என மதிப்பிடப்பட்டது. அதில் கூடுதல் எரிபொருளுக்கு 420 கோடி டாலர், கூடுதல் பராமரிப்புக்கு 310 கோடி டாலர், என்ஜின் குத்தகைக்கு 260 கோடி டாலர், தேவைக்கு மேல் உதிரிபாகங்களை இருப்பு வைப்பதற்கு 140 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது. இறுதியில் இச்செலவின் ஒரு பகுதி பயணச்சீட்டுக் கட்டணத்தில் சேர்கிறது; மறுபகுதி ரத்தாகும் விமானங்களாக வெளிப்படுகிறது.

திரும்பும் காலத்தைக் குறைப்பதே செலவைக் குறைக்கும் நேரடி வழி என்பதால், உள்நாட்டில் பழுதுபார்ப்பு வசதிகளைப் பெருக்குவதில் இந்தியா கவனம் செலுத்தி வருகிறது. பிரான்சின் சாஃப்ரான் நிறுவனம் ஐதராபாதில் சுமார் ரூ.1,300 கோடி முதலீட்டில் அமைத்த லீப் என்ஜின் பணிமனையைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 நவம்பர் 26-ஆம் தேதி காணொலி வாயிலாகத் திறந்து வைத்தார். முழு அளவில் செயல்படும்போது, 2035-க்குள் ஆண்டுக்கு 300 என்ஜின்கள் வரை அங்கு பழுதுபார்க்கத் திட்டமிடப்பட்டுள்ளது. ஏ320 நியோ, போயிங் 737 மேக்ஸ் விமானங்களில் இந்த என்ஜின்கள் பயன்படுத்தப்படுகின்றன.

இண்டிகோ நிறுவனம் 2023 ஜூனில் 500 விமானங்களுக்கும், ஏர் இந்தியா அதே ஆண்டு பிப்ரவரியில் 470 விமானங்களுக்கும் கொள்முதல் ஆணை அளித்துள்ளன. அவை ஒவ்வொன்றாக வந்து சேரும்போது, அவற்றைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கத் தேவைப்படும் பாகங்களுக்கான ஆண்டு மதிப்பீடும் உடன் வளரும். விமானத்தின் கொள்முதல் விலை ஒருமுறை செலுத்தப்படுவது. உதிரிபாகச் செலவோ, அது சேவையில் இருக்கும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளும் தொடரும்.